பூசணிக்குச் சத்தம் வேண்டும்

முன்வரிசையில் ஒரு பாப்பா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேடை ஏறியதும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பாப்பா, கையை எடு. இதற்கு முன் பேசியவர்களின் குரல் வேறு, என் குரல் வேறு. என் குரல் ஒலிபெருக்கியில் வந்தாலும் கொசு மாதிரிதான் கேட்கும்.

வெயிலையும் எங்கள் வெகுநேரப் பேச்சையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டு வீற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! வாய் பேசாத உயிர்களின் வலியைத் தொட்டே அறியும் மருத்துவர் ஐயா அவர்களே! வாளியும் கையுமாகவே வாழ்ந்ததால் வாளி மாமா என்றே பெயர் வாங்கிய எங்கள் காப்பாளர் அவர்களே! பிள்ளைகளை இடுப்பிலும் பிரியத்தை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! ஒரு காலத்தில் இந்தக் கம்பிகளுக்குள் தலையை நுழைத்து மாட்டிக்கொண்டு அழுது, இன்று நரைத்த மீசையோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களே! மண்ணில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும் என் செல்லங்களே! இன்று நாம் விடைகொடுக்கும் இந்த விலங்குத் தோட்டத்தைத் தினம் பெருக்கும் தாயும் மகளுமான எங்கள் இருவரின் வணக்கம் உங்கள் எல்லாருக்கும். அம்மா அதோ குழாயடியில் நிற்கிறாள். மேடைக்கு வரச் சொன்னேன். "நீ பேசு, நான் வாளியைப் பாத்துக்கறேன்" என்றுவிட்டாள்.

இது பெரிய விலங்குத் தோட்டமா? இல்லை. சிங்கம் இருந்ததா? இல்லை. யானை இருந்ததா? அதுவும் இல்லை. என்னதான் இருந்தது? சண்டை போட்டே பொழுதைக் கழிக்கும் குரங்குகள் இருந்தன. முதுகைக் காட்டியே பழகிய முள்ளம்பன்றி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் கிடந்த மலைப்பாம்பு இருந்தது. அது பொம்மைதான் என்று பந்தயம் கட்டாத பிள்ளை இந்த ஊரில் உண்டா? அதோ ஒரு ஐயா கை தூக்குகிறார். நீங்களுமா ஐயா? தோற்றீர்களா? பரவாயில்லை, நானும் தோற்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பூசணி இருந்தாள். எங்கள் நீர்யானை.

பள்ளியில் படித்த காலத்தில், வகுப்போடு வரிசையாக வந்தேன். குளத்தைச் சுற்றி நின்றோம். பச்சைத் தண்ணீர். வேறொன்றும் இல்லை. "டீச்சர், வெறும் தண்ணிதானே இருக்கு!" என்று ஒருத்தி மூக்கைச் சுருக்கினாள். "கூப்பிட்டுப் பாருங்கடி, வரும்" என்றார் டீச்சர். கூப்பிட்டோம். எப்படிக் கூப்பிட்டோம்? உங்களுக்குத் தெரியாதா என்ன?

"பூசணீ! வாயைத் திற!"

முதலில் இரண்டு காதுகள் வந்தன. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் காதுகள். அவை சுழன்று சுழன்று தண்ணீரைச் சிதறடித்தன. பிறகு கண்கள். பிறகு, பீரோவின் இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்தது போல, அந்த வாய்! நாங்கள் அலறினோம். டீச்சரும் அலறினார். பிறகு, தான் அலறவில்லை என்று சாதித்தார்.

அந்த அழைப்பை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்தப் புத்தகத்தில் இருந்தது? அக்கா தங்கைக்குச் சொன்னாள். அப்பா, தோளில் உட்கார்ந்த மகனுக்குச் சொன்னார். பெயர் தெரியாத பிள்ளை, பெயர் தெரியாத பிள்ளைக்குச் சொன்னது. தலைமுறை மாறியது, தண்ணீர் மாறியது, கம்பிக்குப் பூசிய வண்ணம் மாறியது. அழைப்பு மட்டும் மாறவில்லை. அதைக் கேட்டு எழுந்த அந்தக் காதுகளும் மாறவில்லை.

கோடை தொடங்கியதும் இந்த வாசலைப் பூட்டினார்கள். ஊருக்கு வெளியே புதிய தோட்டம் வருகிறது, நல்ல இடம், நிறைய நிழல். குரங்குகள் போயின. முள்ளம்பன்றி முதுகைக் காட்டியபடியே வண்டியேறியது. அங்கே அவளுக்கான குளம் இன்னும் தயாராகாததால் பூசணி மட்டும் மிஞ்சினாள்.

"அமைதி காக்கவும்" என்று குளத்தருகே ஒரு பலகை உண்டு. பார்த்திருப்பீர்கள். மதித்திருக்க மாட்டீர்கள். அந்தப் பலகைக்கு அப்போதுதான் முதன்முதலாக மரியாதை கிடைத்தது. சருகு விழுந்தால் கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி.

பூசணி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

மருத்துவர் ஐயா பல்லைப் பார்த்தார், பழுதில்லை. தண்ணீரைச் சோதித்தார், குறையில்லை. காய்ச்சலும் இல்லை. வாளி மாமா முட்டைக்கோஸ் போட்டார், மிதந்தது. தர்ப்பூசணி போட்டார், அதுவும் மிதந்தது. வாளியைத் தட்டித் தட்டி நெளித்தே விட்டார்.

"மகாராணிக்கு என்ன வேணும்னு சொன்னாத்தானே தெரியும்!" என்று குளத்தைப் பார்த்துக் கத்தினாள் என் அம்மா. முறைக்காதே அம்மா, நீ கத்தினாய்தானே?

"ஏன்க்கா நீ வேற? அது ஏற்கெனவே பயந்து போயிருக்கு" என்றார் வாளி மாமா.

"என் குரலுக்குப் பயந்து உங்களை மாதிரி ஆளுங்கதான் ஓடுவீங்க. அவ ஓட மாட்டா."

மருத்துவர் ஐயா சிரித்தார். ஆனால் அவர் கண்ணில் சிரிப்பு இல்லை. பூசணியின் விலா எலும்பு அப்போது வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. "இப்படியே போனா தாங்க மாட்டா" என்று மெல்லச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கூப்பிட்டாச்சு. நீ ஏம்மா சும்மா நிக்கிறே? நீயும் ஒரு தடவை கூப்பிடேன்."

"எனக்குச் சத்தமே வராது சார்."

"வர்ற வரைக்கும் வரட்டும்."

நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன். என் குரலை நம்பவில்லை. அதனால் வகுப்போடு வந்த அந்தச் சின்னப் பெண்ணின் குரலைத் தேடினேன். மூக்காலும் தொண்டையாலும் சேர்ந்து வரும் அந்தக் கீச்சுக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "பூசணீ! வாயைத் திற!"

கண்ணைத் திறந்தபோது தண்ணீர்மேல் இரண்டு காதுகள் சுழன்றுகொண்டிருந்தன.

வாய் திறக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். காதுகள் மட்டும்தான். அவை என்னைத் தாண்டி, வாசல் பக்கமாகத் திரும்பித் திரும்பித் தேடின. ஒருத்தி கத்தினால் போதுமா? மற்றவர்கள் எங்கே?

மறுநாள் மாலை மருத்துவர் ஐயாவே வாசலைத் திறந்துவிட்டார். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பந்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கம்பியைச் சுற்றி நின்றார்கள். எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். என்ன ஆயிற்று? ஆமாம்! சரியாகச் சொன்னீர்கள்! பீரோ திறந்தது! முட்டைக்கோஸ் உள்ளே போனது. வாளி மாமா நெளிந்த வாளியால் முகத்தை மறைத்துக்கொண்டார். வியர்வை துடைத்தாராம். நம்புவோம்.

இனி நான் மேடை ஏறிய காரணத்துக்கு வருகிறேன்.

புதிய தோட்டத்தின் வரைபடத்தில் பூசணியின் குளம் பின்கோடியில் இருக்கிறது. மூங்கில் மறைப்புக்கு அப்பால். பார்வையாளர் யாரும் போக முடியாத இடம். வயதான உயிர், நிம்மதியாக இருக்கட்டும் என்று மருத்துவர் ஐயாதான் அன்போடு கேட்டு வாங்கிய இடம் அது. "இப்பவும் எனக்கு ரெண்டு மனசாத்தான் இருக்கும்மா. அவளுக்கு ஓய்வும் வேணும், இந்தச் சத்தமும் வேணும். ஆனா நீ பேசு, நான் குறுக்கே நிக்க மாட்டேன்" என்றார் இன்று காலை. அந்த இரண்டு மனசுக்கும் தலைவணங்குகிறேன்.

ஆனால் தலைவர் அவர்களே, நிம்மதி என்றால் என்ன? யாரும் கூப்பிடாமல் இருப்பதா நிம்மதி? காட்டை அறியாத உயிர் அவள். ஆற்றை அறியாத உயிர் அவள். அவளுக்குக் காடு எது? இந்தப் பிள்ளைகளின் கூச்சல்! அவளுக்கு ஆறு எது? இந்தப் பிள்ளைகளின் சிரிப்பு! நாம் அவளைக் கம்பிக்குள் வைத்தோம், வேடிக்கை பார்த்தோம், வளர்ந்தோம், போய்விட்டோம். அவளிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டோம். பதிலுக்கு நாம் தந்தது சத்தம் ஒன்றுதானே? அதையுமா பறிப்பது?

புதிய வாசலுக்கு நேரே ஒரு நீரூற்று வரப்போகிறது. அழகான நீரூற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வரவில்லை என்று எந்த நீரூற்றாவது பட்டினி கிடக்குமா? நீரூற்று பின்னால் போகட்டும். பூசணி முன்னால் வரட்டும். மதியம் அவள் ஓய்வெடுக்க வாசலை மூடுவோம், மாலையில் திறப்போம். இன்னும் குழி தோண்டவில்லை. சுண்ணாம்புக் கோடுதான் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புக் கோட்டை அழிக்க எங்கள் வீட்டுத் துடைப்பம் ஒன்று போதும். அம்மா, தயார்தானே?

கைதட்டுகிறீர்கள். நல்லது. இன்னும் பலமாகத் தட்டுங்கள், குளத்துக்குக் கேட்கட்டும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், வாசல் திறந்த மருத்துவருக்கும், வாளி மாமாவுக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், படம் வரைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும் என் செல்லங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லாருக்கும் வணக்கம்.

வணக்கம் சொன்னவர்கள் இறங்கிப் போய் உட்கார வேண்டும். தெரியும். ஆனால் தலைவர் அவர்களே, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் நிற்கிறேன்.