‘வருத்தம்’ என்று ஒரு படம்

பொறுப்பின் பாரத்தைப் புன்னகையால் மறைத்து வீற்றிருக்கும் தலைவர் மகேசன் ஐயா அவர்களே! ஒரு கண்ணை என்மீதும் மறு கண்ணைக் கடிகாரத்தின்மீதும் வைத்திருக்கும் செயலாளர் தமயந்தி அம்மையார் அவர்களே! இந்நகரின் மாசிப் பகுதியிலிருந்தும் எப்சம் பகுதியிலிருந்தும் மழையோடு மழையாக வந்திறங்கிய பெரியோர்களே! மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்த மண்டபச் சுவரெல்லாம் மயிலும் பிள்ளையாருமாக மலரச் செய்திருக்கும் மழலை ஓவியர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

பிள்ளைகளின் கண்காட்சியில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் பேசப்போவதோ நோர்வே நாட்டு ஓவியர் ஒருவரைப் பற்றி! எட்வர்ட் மூங்க் என்பது அவர் பெயர். வாயில் வராவிட்டால் ‘மூங்கில்’ என்று தொடங்கிப் பாதியில் நிறுத்துங்கள், வந்துவிடும்.

அங்கே யார் சிரிப்பது? ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு நோர்வே எங்கே தெரியும் என்றா? என் பேத்தி சிவானி ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து வாசித்துச் சொன்னாள், நான் கேட்டேன். காதுக்கு எத்தனையாம் வகுப்பு ஐயா?

அந்த மூங்குக்கு ஐந்து வயதில் தாய் இல்லை, காசநோய் கொண்டுபோயிற்று. பதின்மூன்று வயதில் அக்காவும் இல்லை; அதே காசநோய். தகப்பனோ வைத்தியர். வைத்தியர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றதே நோய்! அந்தப் பிள்ளை என்ன செய்தது? வளர்ந்து, தூரிகை எடுத்து, தலையணையில் சாய்ந்த தன் அக்காவைத் தீட்டியது. தீட்டியதைச் சுரண்டியது. சுரண்டியதன்மேல் மீண்டும் தீட்டியது. கொண்டுபோய் மாட்டினால், ஊர் கூடிச் சிரித்தது. விட்டாரா? நாற்பது வருடத்தில் அதே படத்தை ஆறு தரம் தீட்டினார்!

“அம்மம்மா, சிக்ஸ் டைம்ஸ்! ஃபோர்ட்டி இயர்ஸ்!” என்று சிவானி கட்டிலில் ஏறி நின்று கத்தினாள். “இறங்கடி, கட்டில் முறியப் போகுது” என்று நானும் கத்தினேன். ஆனால் என் நெஞ்சுக்குள்ளும் ஏதோ ஏறி நின்றதே!

ஏன் என்று சொல்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் என் மகள் சுகந்தினிக்கு, சிவானியின் தாய்க்கு, புற்றுநோய். அப்போது சிவானிக்கும் அதே பதின்மூன்று வயது. இன்று என் மகள் முழுச் சுகம்! இதோ, முன்வரிசையில் நீலச் சேலை. தட்டுங்கள் கையை! இன்னும்! போதும், அவளுக்கு வெட்கம்.

அந்த நாட்களைத்தான் சிவானி இந்தக் கண்காட்சிக்குத் தீட்டினாள். முடி உதிர்ந்த தலை. பச்சையும் மஞ்சளுமாக முகம். கீழே தமிழில், தன் கையால், ‘வருத்தம்’ என்று எழுதினாள். அந்த ஒரு சொல் போன வியாழக்கிழமை செய்த வேலையைக் கேளுங்கள்!

தமயந்தி அம்மா தமிழ்நாடு. அவருக்கு வருத்தம் என்றால் துக்கம். படத்தைப் பார்த்ததும் பதறிப்போய், “பதினாறு வயசுல உனக்கு என்னடா வருத்தம்? ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டுவிட்டு, பாட்டனி டவுன்ஸ் என்ற இடத்தில் கடை வேலையில் நின்ற என் மகளுக்கு ஃபோன் அடித்தார். “பொண்ணுக்கு ரொம்ப வருத்தம் போலிருக்கு, உடனே வாங்க!”

எங்கள் யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் என்ன? நோய்! கடையில் போடும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள் என் மகள். “என்ர பிள்ளைக்கு என்ன வருத்தம்? ஆம்புலன்ஸுக்கு அடிச்சனீங்களோ?”

“ஆம்புலன்ஸா? எதுக்குங்க? படம்தான் வரைஞ்சிருக்கா!”

சிரியுங்கள், தமயந்தி அம்மாவே சிரிக்கிறார்! ஆனால் அந்தச் சிரிப்பு அன்று நிலைக்கவில்லை. ஏனென்றால் என் மகள் திரும்பினாள், படத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்க் காரில் ஏறிவிட்டாள்.

தலைவர் ஐயா படத்தை எடுத்தார். “உயிரோட இருக்கிற மனிசியை இப்பிடிக் கீறி மாட்டினால் அமங்கலம், பிள்ளை. வீட்டிலயே அழுகிற படம் மாட்டுறேல்லை. ஒரு மயிலைக் கீறிக்கொண்டு வா.”

“நோ மயில், அங்கிள்,” என்றாள் சிவானி.

படம் சாமான் அறைக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்த பிள்ளை தூரிகை எல்லாவற்றையும் பையில் கட்டிக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். “அம்மாவுக்கு ஷேம், அம்மம்மா. இனி நான் பெயின்ட் பண்ண மாட்டன்.”

தலைவர் அவர்களே, நீங்கள் நல்லது நினைத்தே செய்தீர்கள். அழுகிற படம் ஆகாதென்று நானும் வளர்ந்தவள்தான். ஆனால் கேட்கிறேன்: படத்தைப் பூட்டினால் நோய் பூட்டப்படுமா? பெர்லின் நகரத்துப் பெரிய மனிதர்களும் மூங்கின் கண்காட்சியை ஒரே வாரத்தில் மூடினார்கள். மூடியதனாலேயே ஊரெல்லாம் அவர் பேச்சு! அவர்கள் குப்பையென்று கூட்டி அள்ளினார்கள். காற்று அதையே ஊர் நடுவில் குவித்து வைத்தது!

நோய் என்கிறோம் நாங்கள். துக்கம் என்கிறார்கள் தமிழ்நாட்டுக்காரர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது யார்? நம் தமிழ்! படுத்திருப்பவளுக்கு ஒரு வருத்தம். பார்த்திருப்பவளுக்கு ஒரு வருத்தம். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத நோர்வேக்காரர் நாற்பது வருடம் தீட்டினாரே, அது இந்த ஒரு சொல்லை அல்லவா?

சிவானி! குனிந்திருக்காதே, பிள்ளை. உனக்குத் தெரியாத ஒன்றை இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அன்று கோப்பை கழுவிக்கொண்டு உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “அம்மா, அவள் பார்த்துப் பயப்படக்கூடாதெண்டு அறைக் கதவைச் சாத்திச் சாத்தி வைச்சன். என்ர அந்த முகத்தை ஒருத்தரும் பார்க்கேல்லை எண்டு நினைச்சன். பிள்ளை பார்த்திருக்கிறாள். நான் தனியாக் கிடக்கேல்லை, அம்மா.”

இது வெட்கமா, சிவானி? இது வெட்கமா, சபையோரே?

ஓ! நீலச் சேலை எழும்பிவிட்டது! சுகந்தினி, எங்கே மோனை போகிறாய்? சாமான் அறைப் பக்கம் போகிறாள்! தலைவர் ஐயாவும் எழும்புகிறார். ஐயா, மறிக்காதேயுங்கோ!

என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கோ ஐயா!

“பொறுங்கோ பிள்ளை, அறை பூட்டிக் கிடக்கு. திறப்பு என்னட்டை!”

கேட்டீர்களா! தமிழ்நாட்டு மக்களே, எங்கள் ஊரில் திறப்பு என்றால் சாவி! ரிப்பன் வெட்டி, விளக்கேற்றி, காலையில் நாம் செய்தது வெறும் சடங்கு. இதோ, திறப்போடு தலைவர் நடக்கிறாரே, இதுதான் ஐயா திறப்பு விழா!

சிவானி, நீயும் ஓடு. படத்தின் மற்றப் பக்கத்தைப் பிடி. எங்கே மாட்டுவது என்று அம்மாவைக் கேள்.

வழிவிட்டு எழுந்து நிற்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. எனக்குத் தந்த ஐந்து நிமிடமும் எப்போதோ முடிந்துவிட்டது, தமயந்தி அம்மா. வணக்கம், வணக்கம்!