கூட்டக் குறிப்பில் ஒத்திவைக்கப்பட்ட தெய்வீகம்

அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகையே, பாண்டிருப்பு ஈன்ற பண்பாளரே, ஓய்வுபெற்ற தபாலதிபர் கதிர்காமன் ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மௌலவிமாரே, போதகர்மாரே, குருக்கள்மாரே! மின்விசிறிக்குக் கீழே இடம்பிடிக்க அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்தமர்ந்த பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பேச்சாளர்களைப் பொறுமையிலும் தாங்குகின்ற தாய்மாரே, உம்மாமாரே! கரையோர வாசகர் வட்டத்தின் களைப்பறியாச் செயலாளர் தம்பி றிஸ்மி அவர்களே! மேடையின் எட்டாவது நாற்காலியில், பொன்னாடை மடித்து வைத்திருந்தும் இதுவரை வந்து சேராத நூலாசிரியர் யோவான் அவர்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக.

சிரிக்காதீர்கள். அந்த நாற்காலி அழைப்பிதழின்படி போடப்பட்டது. போன மாத விழாவின் அழைப்பிதழை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றுவது நம் வட்டத்தின் வழமை. தம்பி றிஸ்மி அதைத் தவறாமல் செய்திருக்கிறார். தலைமையுரை, அறிமுகவுரை, முதற்பிரதி வழங்கல், அப்புறம் ஏற்புரை: நூலாசிரியர் யோவான், ஐந்து நிமிடம். அவர் மறைந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்துக்கு மேலாகிறது. பதாகைக்குக் கடவுச்சீட்டு அளவில் படம் ஒன்றும் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காதபடியால்தான் அங்கே அந்த வெற்று வட்டம் தொங்குகிறது. என்ன வாப்பா, பின்னுக்கிருந்து என்ன கேட்கிறீர்? ஓம், அழைப்பிதழிலயும் எண்பது வட்டம் அடிச்சாச்சி. இனி மாத்த ஏலாது.

நான் மருதமுனையில் சாறன் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஸமட். இந்தக் கரையில் வெளியான நூற்றுப் பதினேழு நூல்களை அறிமுகம் செய்தவன். அல்லாஹ்வுக்குப் பயந்து ஓர் உண்மையைச் சொல்கிறேன். அவற்றில் முன்னுரை தாண்டி நான் வாசித்தவை நாலு. அறிமுகவுரை என்றால் என்ன? ஆசிரியரை மண்ணின் மைந்தன் என்று சொல்ல வேண்டும். அட்டைப்படத்தை மெச்ச வேண்டும். எழுத்துப் பிழை இரண்டைக் காட்ட வேண்டும். அடுத்த நூலில் இன்னும் ஆழம் வேண்டும் என்று முடிக்க வேண்டும். யோவானுக்கு இந்த அறிவுரையைச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

சரி, இந்த நூல் யாருடைய உழைப்பு? அதோ, புத்தகக் கட்டுகளைத் தன் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கையைக் கட்டியபடி என்னையே பார்த்திருக்கிறாரே, செல்லத்தங்கம் டீச்சர், அவருடைய உழைப்பு. கல்முனைப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். பதினொரு வருடம் இருந்து, யோவானின் நற்செய்தியை நம் கரையோரப் பேச்சில் எழுதியிருக்கிறார். பதினொரு வருடம்! ஒரு சொல்லுக்காகக் கடற்கரைக்குப் போய் வலைக்காரரிடம் கேட்டிருக்கிறார். இன்னொரு சொல்லுக்காக என் கடைக்கு வந்து, தைக்காத முழுத்துணியை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். அன்று வியாபாரம் நடக்கவில்லை, தமிழ் நடந்தது.

மூன்று கிழமைக்கு முன் வட்டத்தின் கூட்டம் கூடியது. நிகழ்ச்சி நிரலில் மூன்று விடயம். ஒன்று, ஒலிபெருக்கி. இரண்டு, நூல் சொல்லுகிற மீட்பரின் தெய்வீகத்தை மேடையில் பேசலாமா. மூன்று, சிற்றுண்டி. முதலாவது ஒரு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதில் புயல்! அவர் நபி என்று மட்டும் சொல்வோம் என்றார் ஒருவர். நல்ல மனிதர் என்றால் எவருக்கும் நோகாது என்றார் மற்றவர். தெய்வங்களோடு தெய்வமாக இவரும் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கென்ன இடநெருக்கடியா என்றார் மூன்றாமவர். கடைசியில், என்ன செய்தார்கள் தெரியுமா? வாக்கெடுத்தார்கள்! நாலுக்கு நாலு. தலைவரின் வாக்கில் தொங்கியது தெய்வீகம். கதிர்காமன் ஐயா எழுந்து, "தபால் கந்தோரில இருந்த காலத்திலயும் மேலிடத்தைக் கேக்காம நான் ஒண்டும் முடிவெடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். கூட்டக் குறிப்பில் தம்பி றிஸ்மி எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: இயேசு கடவுளா என்ற விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. சிற்றுண்டி, ரோல்ஸ் என ஏகமனதாக முடிவாகியது.

ரோல்ஸுக்கு வந்த ஒற்றுமையைப் பார்த்தீர்களா, சபையோரே!

மறுநாள் காலை டீச்சர் என் கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. கதிரையில் இருந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார். "ஸமட் காக்கா, நீங்க நம்பத் தேவல்ல. ஆனா குறைச்சிச் சொல்லாதீங்க. குறைச்சிச் சொன்னா, புத்தகத்தக் கட்டிக்கிட்டு வீட்ட போயிருவன்" என்றார். பதினொரு வருடத்தைக் கட்டிக்கொண்டு போகிறவரின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது. போதகரிடம் கேட்கலாமே டீச்சர் என்றேன். நம்புகிறவர்கள் வாசிக்காமலே ஆமென் சொல்லிவிடுவார்கள், நம்பாதவர்தான் வாசித்துப் பார்த்துச் சொல்வார் என்றார். அதனால் வாசித்தேன். முன்னுரை தாண்டி, முடிவுரை வரை, மூன்று முறை வாசித்தேன்.

என் ஈமானை முதலில் சொல்லிவிடுகிறேன். இறைவன் ஒருவன், அவனுக்கு இணையில்லை. நீங்கள் இயேசு என்கிற ஈஸா நபி அவனுடைய தூதர். இதில் எனக்கு ஒரு நெல்மணி அளவும் மாற்றமில்லை. மௌலவி அவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து இருக்கலாம். ஆனால் இன்று நான் என்னை அறிமுகம் செய்ய வரவில்லை. நூலை அறிமுகம் செய்ய வந்தேன்.

நூல் என்ன சொல்கிறது? பிறப்பிலிருந்து தொடங்குகிறதா? இல்லை. பாட்டன் பூட்டன் பெயரிலிருந்து தொடங்குகிறதா? இல்லை. கடலும் இல்லாத, கரையும் இல்லாத, காலமும் இல்லாத ஓர் ஆதியிலிருந்து தொடங்குகிறது. அங்கே ஒரு வார்த்தை இருந்தது என்கிறது. அது இறைவனோடு இருந்தது என்கிறது. அது இறைவனாகவே இருந்தது என்கிறது! எல்லாம் அதனாலே உண்டாகின என்கிறது. அந்த வார்த்தை மனிதனாகி, நம்மிடையே வந்து குடியிருந்தது என்கிறது. இயேசுவின் வாயாலேயே, இப்றாஹீம் நபிக்கு முன்னரே நான் இருக்கிறேன் என்று சொல்லவைக்கிறது. கேட்டவர்கள் கைதட்டவில்லை, கல்லெடுத்தார்கள். சிலுவையில் இறந்து எழுந்தவரின் காயத்தைக் கண்டாலன்றி நம்பேன் என்று நின்ற சீடன், கண்டதும் அவரைத் தன் ஆண்டவரே, தன் கடவுளே என்று அழைக்கிறான். அவரும் அதைத் திருத்தவில்லை. நல்ல மனிதர் என்றா சொல்கிறது? நபி என்று நிறுத்துகிறதா? இல்லை, சபையோரே, இல்லை! கடவுள் என்கிறது. ஒளித்து அல்ல, ஓங்கிச் சொல்கிறது.

கலியாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை ரசமாக மாற்றிய கதையும் உண்டு. அதை நான் விரிக்கப் போவதில்லை. முன்வரிசை மன்னிக்கவும்.

இதோ, துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. பேச்சாளருக்குத் துண்டு வருவது நேரமாகிறது என்று சொல்ல. இதில் என்ன எழுதியிருக்கிறது? "ஒத்திவைத்த விடயத்தைப் பேசுகிறீர்கள்." தம்பி றிஸ்மி, நீங்கள் ஒத்திவைத்தீர்கள். யோவான் ஒத்திவைக்கவில்லையே, நான் என்ன செய்ய? பேசாமல் இந்த ரோல்ஸைப் பற்றிப் பேசட்டுமா?

டீச்சர், இப்போது உங்களிடம் கேட்கிறேன். சபையில் கேட்கிறேன். குறைத்தேனா? குறைக்காமல் சொன்னேனா?

தலையாட்டுகிறார். பொறுங்கள், எழும்புகிறார். ஒலிவாங்கியைக் கொடுங்கள் தம்பி.

"ஒண்ட விட்டுட்டீங்க காக்கா. அழுததச் சொல்லல்ல."

ஓம். விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, தெரிந்துதான் விட்டேன். சொல்கிறேன், கேளுங்கள்.

பதினோராம் அதிகாரம். இயேசுவின் சினேகிதன் ஒருவன் இறந்து நாலு நாளாகிறது. இவர் வருகிறார். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார், அது அவருக்கும் தெரியும். இருந்தும் அவனை அடக்கிய மையவாடிக்குப் போகும் வழியில், அழுகிறவர்களைக் கண்டு, நின்று அழுகிறார். உலகம் உண்டாகக் காரணமானவர் என்று இந்த நூல் யாரைச் சொல்லுகிறதோ, அவர் அழுகிறார்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் என் மகள் ஆகிலாவும் அதோடு போனார்கள். நாலாம் நாள் நான் பள்ளிக்கூட அகதி முகாமில், பிள்ளைகள் இருந்து படிக்கும் ஒரு நீள வாங்கில் இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் நல்ல வார்த்தை சொன்னார்கள். செல்லத்தங்கம் டீச்சரும் வந்தார். எனக்குப் பக்கத்தில், அதே வாங்கில் இருந்து, பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் அழுதார். அப்படி அழ இந்த மனுசி எங்கே படித்தது என்று எனக்கு இருபது வருடமாகத் தெரியாது. இந்த மூன்று கிழமைக்குள் பதினோராம் அதிகாரத்தில் கண்டேன்.

அழுதவர் கடவுள் என்கிறது நூல். அது டீச்சரின் நம்பிக்கை, அதை முழுதாகச் சொல்லிவிட்டேன். அந்த அழுகை என் வீட்டுக்கும் வந்தது. அதற்கு நான் சாட்சி.

செவிமடுத்த பெரியோருக்கும், சிரித்த இளையோருக்கும், அழைத்த வட்டத்துக்கும், என்னை நம்பிய டீச்சருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வஸ்ஸலாம். வணக்கம்.