ரெட்டைப் பல் சாவி

சடையன்: மூட்டைய அவுக்காமயே சொல்லட்டுங்களா… பாட்டுப்பெட்டிதான?

குழந்தைவேல்: எப்படிடா கண்டுபுடிச்ச?

சடையன்: குமாரபாளையத்துல இருந்து இந்த ஜலகண்டாபுரத்துக்கு, கரியில ஓடற பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு, சைக்கிள் பஞ்சர் ஒட்டவா வந்திருப்பீங்க? உக்காருங்கண்ணா. பலகையில ஆயிலு இருக்குது, வேட்டி பத்தரம்.

குழந்தைவேல்: தட்டச் சுத்தற சுருள் வில்லு அறுந்துபோச்சு சடையா. நாளான்னிக்கு பக்கத்தூட்டு முத்தாயம்மா பேத்திக்குக் காதுகுத்து. பாட்டுப்பெட்டி வருதுன்னு ஊரு பூரா சொல்லிப்போட்டாங்க.

சடையன்: வில்லு மாத்தோணும்னா உள்ள இருக்கற டப்பாவத் தொறக்கோணும். தொறக்கோணும்னா…

குழந்தைவேல்: அந்த வட்ட நட்டு.

சடையன்: ஆமாங்க. சீமைக்காரன் வேலை. பட்டையே இல்லாத நட்டு. ஸ்பானரும் புடிக்காது, கொறடும் புடிக்காது. மூஞ்சியில ரெண்டு ஓட்டை, அவ்வளவுதான். அதுக்குன்னே ரெண்டு பல்லு வெச்ச சாவி ஒண்ணு பொட்டியோட வந்துச்சுங்களே… ஏனுங்கண்ணா, அந்தச் சாவி எங்கீங்க?

குழந்தைவேல்: தெரியாத மாதிரி கேக்கறயேடா.

சடையன்: தெரியுமுங்க. போன வருசம் ஆடியில உங்கூட்டுப் பொட்டிக்கு எண்ணெய் போட வந்த சடையன் திருடிட்டுப் போயிட்டான்னீங்க. மாரியம்மன் கோயல்ல ஊரக் கூட்டி, கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுடான்னீங்க. அணைச்சேன்.

குழந்தைவேல்: அதையெல்லாம் இப்ப எதுக்கு…

சடையன்: இந்தக் கையிலதானுங்க. சுட்டது ஆறிப்போச்சு. ஆனா ஒருத்தரும் நம்புல. ‘சாவிக்காரன்’னு பேரு வெச்சாங்க. எந்தூட்டுலயும் உள்ள உடல. தங்கச்சியப் பாக்க வந்தவங்க அந்தப் பேரக் கேட்டதுமே வண்டியத் திருப்பிட்டாங்க. பொங்கல் தாண்டியும் பொறுத்துப் பாத்தேன்… சித்திரையில இங்க வந்து கடை போட்டுட்டேன்.

குழந்தைவேல்: சரி சாமி… நீ புதுசா ஒரு சாவி பண்ணிக் குடு. அதுக்குத்தான் வந்தேன்.

சடையன்: நல்லா இருக்குதுங்க. நான் பண்ணுனா, ‘பாத்தியா, பழசு அவங்கிட்ட இருக்கப்போயித்தான அளவு தெரியுது’ம்பாங்க.

குழந்தைவேல்: யாருடா சொல்லுவா?

சடையன்: போன தடவ சொன்னவங்கதான்.

குழந்தைவேல்: …தண்ணி இருக்குதா?

சடையன்: பானையில மோந்துக்குங்க. நான் பொட்டிய அவுத்துப் பாக்கறேன். … அட, இதென்னுங்க? நட்டு மூஞ்சியெல்லாம் கீறலு?

குழந்தைவேல்: மச்சான்… மச்சான் கொறடு போட்டுப்போட்டான்.

சடையன்: சின்னுசாமி மச்சானா? அவருக்குக் கொறட்ட எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதுங்களே!

குழந்தைவேல்: சிரிக்காதடா.

சடையன்: சிரிக்கலீங்க. கொறடு போட்டா ஓரத்துல கடிச்சிருக்கும். இது ரெண்டு ஓட்டைக்கும் பக்கத்துல ரெண்டே கீறலு. பல்லு வழுக்குன தடம்.

குழந்தைவேல்: பல்லா…

சடையன்: ரெட்டைப் பல்லு. … அண்ணா, என்னையப் பாத்துச் சொல்லுங்க. சாவி கெடைச்சுருச்சா?

குழந்தைவேல்: இல்லடா.

சடையன்: நான் அணைச்ச கற்பூரத்து மேல ஆணையாச் சொல்லுங்க.

குழந்தைவேல்: கெடைச்சுது.

சடையன்: எப்பங்க?

குழந்தைவேல்: தையில. சன்னல் மாடத்துல, எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னாடி. எங்கூட்டுக்காரி உண்ணாமலைதான் எடுத்தா. ‘இப்பவே போயி அந்தப் பையங்கிட்டச் சொல்லிப்போட்டு வாங்க’ன்னா.

சடையன்: இப்ப ஆவணிங்க.

குழந்தைவேல்: தெரியுமுடா! நாளைக்குச் சொல்லலாம், நோம்பி முடியட்டும் சொல்லலாம்னு… ஊரக் கூட்டி உன்னைய நிக்க வெச்சவன் நானு. அதே ஊரக் கூட்டி, ‘எங்கூட்டு மாடத்துலயே கெடந்துச்சு’ன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? வெக்கம் புடுங்கித் திங்குதுடா. சோத்தப் போட்டுட்டு அவ மூஞ்சியத் திருப்பிக்கறா.

சடையன்: கெடைச்ச சாவி இருக்கறப்ப புதுசு எதுக்குங்க?

குழந்தைவேல்: அதுதான் எனக்கும் வெளங்கல. வில்லு அறுந்ததும் எடுத்துப் போட்டுப் பாத்தேன். பொருந்தல. வழுக்கி வழுக்கி நட்டத் தின்னுது. அதே நட்டு, அதே சாவி… இந்தா, நீயே பாரு.

சடையன்: வேண்டாமுங்க.

குழந்தைவேல்: வாங்கிப் பாருடா. … ஏன்டா, கைய இழுத்துக்கற?

சடையன்: அது உங்க சாவியில்லீங்கண்ணா. உங்க சாவி எங்க போச்சோ, எனக்கு இன்னைக்கும் தெரியாது. எங்கம்மா தெருவுல தல நிமுந்து நடக்க முடியலன்னு அழுதா… பழைய பெடல் கம்பிய அரத்துல ராவி, நெனப்புல இருந்த அளவுக்கு நாந்தான் இதப் பண்ணுனேன். ஒரு நூலு தப்பிப்போச்சு. தெருப்பக்கமா சன்னல்ல கைய உட்டு மாடத்துல வெச்சதும் நாந்தான். சத்தியம் பண்ணுன கையாலயே பொய்யும் பண்ணிப்போட்டனேன்னு எனக்கும் வெக்கந்தானுங்க. ஆனா, ‘சாவி கெடைச்சுருச்சு, சடையன் எடுக்கல’ன்னு நீங்க ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு… ஏழு மாசமாக் காத்துக்கிட்டு இருந்தனுங்க.