மூன்றாவது பெட்டியில் ஒரு அம்மா

நேற்றுக் காலை சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் பட்டர்வொர்த் ரயில் கிளம்பியது. எனக்குப் பக்கத்தில் பட்டுவேட்டி கட்டிய ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தபடி வர்ணனையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டீசல் ரயில் ஓடுன காலத்துல, ஹாரன் சத்தம் அடுத்த ஸ்டேஷன் குருண் வரைக்கும் கேக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் கை ஆட்டுவாங்க. இந்தக் கரண்ட் ரயில்ல ஒருத்தனும் திரும்பிப் பாக்குறதில்லலா. ஆனா இன்னிக்குப் பாருங்க, மூணாவது பெட்டியில ஒரு அம்மா ரெண்டு கையையும் ஆட்டுறாங்க! கண்ணாடியில முகந்தான் தெரியல. மனசு நெறஞ்சு போச்சு!”

ரயில் மறைந்ததும் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“ஸ்டேஷன்லதான். நீ எங்க போன?”

“ரயிலுக்குள்ள! பத்து மணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீங்க இல்லாம, பிள்ளைய யார் மடியில உட்கார வைக்கிறது?”

அவர் காலியான தண்டவாளத்தைப் பார்த்தார்.

“நீ ஏறுனது மூணாவது பெட்டியா?”

“ஆமா.”

“அடடா, வீடியோவுல நல்லா விழுந்திருக்க. அழகா டாட்டா காட்டுற.”

“டாட்டாவா? ஏறுங்க ஏறுங்கன்னு கத்திக்கிட்டு இருந்தேன்!”