விரல் நீள ஒயர்

சாவி கொஞ்ச நேரம் என்கிட்டயே இருக்கட்டும், தம்பி. தப்பா நினைக்காதீங்க. பழைய டிராக்டர் பாக்க வர்றவங்க எல்லாரும் வந்ததும் வராததுமா சாவியைத்தான் கேப்பாங்க. சத்தத்தைக் கேட்டுட்டா வண்டியைத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு நினைப்பு. நான் சாவியைக் கடைசியிலதான் தொடுவேன். இப்படி வந்து இந்தச் சாக்கு மேல உக்காருங்க. உங்க கையை அவ்வளவு வேகமா பிடிச்சு இழுத்தது வலிச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கேன், இருபத்திரண்டு வருஷமா. இந்தப் பக்கம் யாரு பழைய டிராக்டர் வாங்கப் போனாலும் என்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. மூக்கர்னு எனக்குப் பேரே வெச்சுட்டாங்க. கியர் ஆயிலை விரல்ல தொட்டு மோந்து பாத்தே வண்டியோட வயித்துல என்ன கோளாறுன்னு சொல்லிடுவேன். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் இல்ல, நிறைய.

இந்த வண்டியையும் நியாயமா சொல்றேன். இன்ஜின் நல்லா இருக்கு. பின் டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு, அதுக்குப் பயப்படாதீங்க, அது கண்ணுக்குத் தெரியற செலவு. பெயின்ட் அடிக்கலை. பெயின்ட் அடிச்சு விக்கற வண்டி தலைக்கு டை அடிச்ச கிழவன் மாதிரி, பக்கத்துல போய்ப் பாத்தாதான் வயசு தெரியும். மீட்டர் காட்டற மணிக்கணக்கை நம்பாதீங்க. கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்க. எவ்வளவு மிதிபட்டிருக்குன்னு அது சொல்லிடும்.

கிளட்ச் பெடல் பக்கத்துலதான் நான் உங்களுக்குக் காட்ட வேண்டியதும் இருக்கு.

அங்க ஒரு சின்ன சுவிட்ச். பெடலை மிதிச்சாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகணும், மிதிக்காம சாவியைத் திருப்பினா ஆகக் கூடாது. அதைப் பாத்துக்கறதுதான் அந்த சுவிட்ச்சோட வேலை. கியர்ல நிக்கற வண்டி தானா கிளம்பி யார் மேலயும் ஏறிடக் கூடாதே, அதுக்கு. சுவிட்ச் கெட்டுப்போனா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. வேலை நேரத்துல யாரு கடைக்கு அலையறது? டிரைவருங்க விரல் நீளத்துக்கு ஒரு ஒயரை வெட்டி, சுவிட்ச்சோட ரெண்டு முனையையும் அதால சேத்து முறுக்கி விட்டுடுவாங்க. அப்புறம் மிதிச்சாலும் ஸ்டார்ட் ஆகும், மிதிக்காட்டியும் ஆகும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி வீட்டுக்காரர் டிராக்டர் வாங்கணும்னார். அதுவரைக்கும் வாடகை டிராக்டர் ஓட்டிட்டிருந்தவர். செங்கல் சூளைக்காரர் ஒருத்தர்கிட்ட இந்த வண்டி இருந்துச்சு. நான்தான் கூடப் போனேன். கீழ படுத்துப் பாத்தேன், ஒயரைப் பாத்தேன். மாப்பிள்ளை அப்போ கேட் பக்கம் நின்னு போன் பேசிட்டிருந்தார். நான் சூளைக்காரரை அடுக்கி வெச்ச செங்கல்லுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனேன்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"இதெல்லாம் எந்த வண்டியில இல்ல, மூக்கரே? டிரைவர் பண்ணின வேலை."

"அப்போ அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

அவர் கேட் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாத்தார். சொன்ன விலையில ஆறுல ஒரு பங்கைக் குறைச்சார்.

திரும்பி வந்து விலையைச் சொன்னதும் மாப்பிள்ளைக்கு நம்பவே முடியலை. "மச்சான், என்ன மந்திரம் போட்டீங்க?"ன்னார். "எல்லாம் பேசற விதத்துல இருக்கு மாப்பிள்ளை"ன்னேன்.

அந்த ஒரு வார்த்தைதான், தம்பி. அதை அவர் ஊர் பூரா சொன்னார். தங்கச்சி அதுக்கு மேல. அண்ணன் வாயைத் திறந்தா விலை தானா இறங்கும்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொன்னா. ஒயரைப் பத்திச் சொன்னா, விலை இறங்கினது என் பேச்சுக்கு இல்லன்னு தெரிஞ்சுபோகும். அதனால அவருக்குத் தெரியாம நானே சுவிட்ச்சை மாத்திடறதுன்னு முடிவு பண்ணினேன். என் கடையில மூணாவது தட்டுல இருந்துச்சு. ரெண்டு டீ விலை கூட இல்ல. மாட்டக் கால் மணி நேரம். அடுத்த வாரம் மாட்டிடலாம்னு நினைச்சேன்.

அடுத்த வாரம் போனேன். அவர் வண்டியை விட்டு நகரலை. துடைச்சுக்கிட்டே நிக்கறார், குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி. அவர் எதிர்ல மூடியைக் கழட்டினா என்னன்னு கேப்பார். அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான். சுவிட்ச் என் சட்டைப் பையிலயே இருந்து, துணியோட ஒரு தடவை துவைபட்டுச்சு. நான் கண்டுக்காம இருந்துட்டேன்னு யாரும் சொல்ல முடியாது. நினைச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஒரு வருஷமும் ஒரு மாசமும் நினைச்சேன்.

தங்கச்சி வீட்டு இந்த முற்றம் சரிவு, பாத்தீங்களா? வண்டி உருளாம இருக்க கியர்ல போட்டு நிறுத்துங்கன்னு அவருக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான். அது நல்ல பழக்கம், இப்பவும் சொல்வேன்.

அன்னிக்கு மத்தியானம் அவர் பேட்டரி ஒயரை மாத்திட்டிருந்தார். தங்கச்சி சமையல்கட்டு ஜன்னல்லேருந்து கூப்பிட்டிருக்கா. "சாப்பாடு ஆறுது. சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துட்டு வந்துடுங்க." அவர் சீட்ல ஏறலை. பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழயே நின்னுக்கிட்டு, கையை நீட்டி சாவியைத் திருப்பினார். வாடகை வண்டியில அப்படித் திருப்பினா ஒண்ணும் ஆகாது. பெடலை மிதிக்கலையேன்னு வண்டி சும்மா நிக்கும். அந்த நம்பிக்கையில பழகின கை.

இது கிளம்பிடுச்சு.

தங்கச்சி எனக்குத்தான் முதல்ல போன் பண்ணினா. பத்து நிமிஷத்துல வந்தேன். வண்டி அந்தச் சுவத்துல மோதி நின்னிருந்துச்சு. அவர் உயிரோட இல்ல. விசாரிக்க ஆளுங்க வர இன்னும் அரை மணி நேரம் ஆகும்னாங்க. தங்கச்சி அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு இருந்தா, அவ வேற எதையும் பாக்கலை. நான் குனிஞ்சு அந்த ஒயரைக் கழட்டி பையில போட்டுக்கிட்டேன். அப்புறம் யோசிச்சேன். ஒயர் இல்லாம, கெட்டுப்போன சுவிட்ச்சோட வண்டி எப்படி ஸ்டார்ட் ஆச்சுன்னு கேப்பாங்களே. அவரோட பெட்டியிலேருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார் கிட்ட போட்டேன். அவரே அதை வெச்சு முனை ரெண்டையும் தொட்டு ஸ்டார்ட் பண்ணினார்னு ஆகட்டும்னு.

வந்த அதிகாரி ஸ்க்ரூ டிரைவரைக் காட்டி, இதாலதான் ஸ்டார்ட் பண்ணினாரான்னு என்கிட்டயே கேட்டார், விஷயம் தெரிஞ்சவர்னு. நான் தலையை ஆட்டினேன். ஓட்டுநரின் அஜாக்கிரதைன்னு எழுதினார். கையெழுத்து நல்ல அழகு.

தங்கச்சி என்னைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "நான்தானே அண்ணா அவசரப்படுத்தினேன். சாப்பாடு ஆறுதுன்னு சொன்னது நான்தானே." நான் அவளை அப்படியே விடலை. ஆறுதல் சொன்னேன். "உன் மேல தப்பு இல்லம்மா, அவர்தான் குறுக்கு வழியில போயிட்டார்"ன்னேன். அதுலேருந்து அவ சூடா சாப்பிட்டு நான் பாக்கலை. தட்டுல போட்டு வெச்சுட்டு, நல்லா ஆறட்டும்னு பக்கத்துலயே உக்காந்திருப்பா. நான் வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க சாப்பிட வருவேன். எனக்கு மட்டும் சூடா பரிமாறுவா. வெக்கமா இருக்கும், தம்பி. ஆனா சாப்பிடாம எழுந்தா ஏன்னு கேப்பாளே, அதனால சாப்பிட்டுடுவேன்.

இப்போ அவ இதை வித்துடுங்கண்ணான்னு சொல்லிட்டா. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் காலையில வந்து ஸ்டார்ட் ஆகுமான்னு பாத்தேன். ஆகலை, சுவிட்ச்தான் கெட்டதாச்சே. புதுசு கொண்டு வந்திருந்தேன், இதோ பாருங்க, பையில இருக்கு. ஆனா பழைய வண்டியில அது ஒண்ணு மட்டும் பளபளன்னு இருந்தா, இதை எப்போ மாத்தினீங்கன்னு நீங்க கேப்பீங்க. அவ பக்கத்துல நிப்பா. அதனால பழைய ஒயரையே மாட்டினேன். மேல கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அவர் காலத்து ஒயர்தான், வீட்டுல வெச்சிருந்தேன். ஏன் தூக்கிப் போடலைன்னு எனக்கே தெரியலை.

விக்கறப்போ உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் இருந்தேன். பணம் கைமாறினதும், அடுத்த வாரம் உங்க வீட்டுக்கே வந்து மாத்திக் குடுத்துடலாம்னு. அதுக்குள்ள நீங்க கீழ நின்னுக்கிட்டே சாவிக்குக் கை நீட்டிட்டீங்க.

உங்க கையைப் பிடிச்சேன். அவர் கையைப் பிடிக்கலை. இவ்வளவுதான் நான் சொல்ல இருந்தது. அவரைக் கொன்னது வண்டி இல்ல, அவரோட அவசரமும் இல்ல. நான்தான்.

நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. தங்கச்சிகிட்ட சொல்லணும். சொல்லாம விடுவேனா? சொல்லிடுவேன். இன்னிக்கு அவளுக்குத் தலைவலி. அடுத்த வாரம் கண்டிப்பா சொல்லிடுவேன்.

அதோ டீ எடுத்துக்கிட்டு வர்றா. ஏன் வாங்கலைன்னு கேட்டா, விலை படியலைன்னு சொல்லிடுங்க, தம்பி. நம்பிடுவா. விலை பேசறதுல அண்ணன் விட்டுக்குடுக்க மாட்டார்னு ஊர் பூரா சொல்றதே அவதான்.