கட்டுப் பிரிக்கும் கூடத்துச் சுவர்

— ...அதனால முதல்ல அன்னைக்கு இங்க யார் யார் இருந்தாங்கன்னு சொல்லிடறேன், சிஸ்டர். அப்புறம் ஆளாளுக்கு நானும் பார்த்தேன், நானும் பார்த்தேன்னு கிளம்பி வரக் கூடாது. அப்போ இங்க கண் ஆப்பரேஷன் செஞ்ச டாக்டர் மதர் இருந்தாங்க. திரையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நர்ஸ். கண்ணுல கட்டுப் போட்ட ஒரு அம்மா. அவங்களை முதுகுல சுமந்துக்கிட்டு வந்த மகன். வார்டுல இருந்து எழுந்து வந்த நோயாளிங்க கொஞ்சப் பேர். இந்தச் சுவத்துல படம் வரைஞ்ச என் தம்பி. அப்புறம் நான். அவ்வளவுதான்.

— நான் இல்ல. அதையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணா.

— நீ அப்போ பிரசவத்துக்குப் படுத்திருந்தே.

— அதைத்தான் சொல்றேன். சின்னண்ணன் வரைஞ்சதுலயே பெரிய படம் இது. ஊரே பார்த்துச்சு. கூடப்பிறந்தவ நான் பார்க்கல. பிள்ளையைத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள மேல பூசி மூடிட்டார்.

— ஊர் பார்க்கல. இப்பத்தானே யார் யாருன்னு சொன்னேன்?

— பார்த்தீங்களா சிஸ்டர்? ஹெட்மாஸ்டர் வேலையில இருந்து ரிட்டயர் ஆகி எத்தனையோ காலம் ஆச்சு. இன்னும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறதை விடல.

— அம்மா, ஐயா, ரெண்டு பேரும் முதல்ல உட்காருங்க. சாரத்துப் பக்கம் போகாதீங்க, பலகை ஆடுது. மேல்பூச்சைச் சுரண்டி எடுக்கிற நிபுணர் சாப்பிடப் போயிருக்கார். இப்ப வந்துடுவார். உங்க ரெண்டு பேர் சம்மதம் இல்லாம இனி ஒரு இடத்துலயும் கத்தி படக் கூடாதுன்னு எங்க சபைத் தலைவி சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் வரச் சொன்னோம்.

— இனின்னா? ஏற்கெனவே பட்டாச்சா?

— ஒரு சின்ன இடம், ஐயா. கீழ படம் நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்க. ஒரு தட்டு அளவுதான்.

— எங்களைக் கேக்காமலே.

— மன்னிச்சுக்கோங்க. ஆனா ஒரு தடவை வந்து பாருங்களேன். அம்மா, நீங்க வாங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க. இதோ, இங்க.

— எங்க? எனக்கு ஒண்ணும்... அம்மாடி! அம்மாடியோ! அண்ணா, விரல்! விரல் தெரியுது!

— தெரியும்.

— நகத்துக்குள்ள சேறு. ஈரமா இருக்கு அண்ணா. நிஜமாவே ஈரமா இருக்கு. தொட்டா ஒட்டிக்கும் போல. சிஸ்டர், யார் கை இது?

— ஆண்டவர் கை. பிறவிக் குருடன் கண்ணுல சேறு குழைச்சுப் பூசினாரே, அந்தக் காட்சி. சுவர் முழுக்க அதுதான்னு பழைய சிஸ்டர்ஸ் சொல்வாங்க. அம்மா, இந்த விரல் வெளிய வந்த அன்னைக்கு நிபுணர் கத்தியைக் கீழ வச்சுட்டுத் திரும்பிக்கிட்டார். எத்தனையோ கோயில்ல சுரண்டின ஆளு அவர். ஒரு விரலே இப்படின்னா முகம் எப்படி இருக்கும்?

— அண்ணா, நீங்களும் வந்து பாருங்க. ஏன் அங்கேயே கம்பம் மாதிரி நிக்கிறீங்க?

— முழுசாப் பார்த்தவன் நான். எனக்குத் துண்டு வேண்டாம்.

— அப்போ முகம் எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க. இத்தனை காலத்துல வாயைத் திறந்திருக்கீங்களா? சின்னண்ணன் சாகுற வரைக்கும் அவரும் சொல்லல. கேட்டா சிரிப்பார்.

— சொன்னா நீ நம்ப மாட்டே. ஆண்டவர் குனிஞ்சு இருப்பார். முகத்துல வெளிச்சம் கிடையாது, ஒளிவட்டம் கிடையாது. வேலை செய்யுறவன் முகம். ஆனா எந்த மூலையில நின்னாலும், அடுத்தது நம்ம கண்ணுதான், நம்ம கிட்டத்தான் வரப்போறார்னு தோணும். நான் கதவுப் பக்கம் நின்னுதான் பார்த்தேன். உள்ள வர அஞ்சு நிமிஷம் ஆச்சு.

— அடேயப்பா! நீங்களா?

— நான்தான். நம்ம குடும்பத்துல யாரும் யாருக்கும் முன்னால தயங்கி நின்னது கிடையாது. அன்னைக்கு நின்னேன். அவன் இங்க ஊழியத்துக்குன்னு வந்தப்போ வேண்டாம்னு தடுத்தவன் நான், சிஸ்டர். பெரிய பெரிய வீட்டுல இருந்து ஆள் அனுப்பி, வந்து வரைஞ்சு கொடுன்னு கூப்பிட்டாங்க. அதையெல்லாம் உதறிட்டு இங்க வந்து, நோயாளிங்களோட உட்கார்ந்து கஞ்சி குடிச்சு, கிழிஞ்ச பாயில படுத்தான். ஒவ்வொரு நாளும் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் நிறம் குழைப்பான். கூட நிக்கிறவங்க கால் மரத்துப் போற வரைக்கும் நிப்பான். வெறும் கிறுக்குன்னு நினைச்சேன். அந்த முகத்தைப் பார்த்ததும் என் நினைப்பு மாறிப் போச்சு. இது நம்ம ரத்தம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

— அப்படிப்பட்ட படத்தைத்தானே ஐயா நாங்க வெளிய கொண்டுவரணும்னு சொல்றோம்? ஆஸ்பத்திரிக்கு நூறாவது வருஷம். ஜனங்க பார்க்கட்டுமே. உங்க குடும்பத்துக்கும் பெருமைதானே?

— பெருமைதான். அது போதும்னா இப்பவே கையெழுத்துப் போட்டுடலாம். அன்னைக்கு நடந்ததைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

— சொல்லுங்க ஐயா.

— அப்போ கட்டுப் பிரிக்கிறதெல்லாம் இந்தக் கூடத்துலதான். டாக்டர் மதரோட ஏற்பாடு அது. ஆப்பரேஷன் ஆனவங்களை இந்தச் சுவத்தைப் பார்க்க உட்கார வச்சு, பாதித் திரை போட்டு, மெதுவாப் பிரிப்பாங்க. முதன்முதல்ல கண்ணுல படுறது நல்லதா இருக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் இவனை வரையச் சொன்னாங்க. படம் முடிஞ்சதும் முதல் கட்டு அந்த அம்மாவுக்கு. மலைப்பக்கத்துக்காரங்க. மகன் சின்னப் பையனா இருக்கும்போதே அவங்களுக்குப் பார்வை போயிடுச்சு. அவன் மீசை முளைச்சு, தோள் அகலமாகி, அவங்களையே முதுகுல சுமந்து இறக்கிக் கொண்டு வந்திருக்கான். அந்த முகத்தை அவங்க பார்த்ததே கிடையாது.

— ஐயோ பாவம்.

— மதர் கட்டைப் பிரிச்சாங்க. மகன் பக்கத்துலயே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். குளிச்சு, தலையெல்லாம் படிய வாரி, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு. அந்த அம்மா கண்ணைத் திறந்தாங்க. நேரே சுவத்தைப் பார்த்தாங்க. ஆண்டவரேன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, கூடமே அதிர்ந்துச்சு. கை கூப்பினாங்க. எல்லாரும் முழங்கால் போட்டாச்சு. நர்ஸ் திரையை விட்டுட்டா. நானும் முழங்கால் போட்டேன்.

— எனக்கு இப்பவே மயிர்க்கூச்செறியுது, ஐயா.

— எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. அந்த மகன் மட்டும் மெதுவாக் கூப்பிட்டான். அம்மா, நான்மா. இந்தப் பக்கம்மா. அவங்க திரும்பல. மறுபடியும் கூப்பிட்டான். கேக்கல. எவ்வளவு நேரம் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியாது, நான் படத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அங்க அவனைப் பார்த்தது ஒரே ஆள்தான்.

— சின்னண்ணன்.

— ஆமா. அப்புறம் அந்தப் பையன் எழுந்து, இவன் கிட்ட வந்து, ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்கன்னு சொன்னானாம். குத்தலா இல்ல, மனசாரத்தான். சொல்லிட்டு அம்மாவோட கஞ்சிச் சட்டியை எடுத்துக்கிட்டுக் கழுவப் போயிட்டான்.

— சட்டியைக் கழுவவா போனான்...

— அழாதே. நான் இன்னும் முடிக்கல.

— நீங்க சொல்லுங்க. மூக்குதான் ஒழுகுது.

— மறுநாள் வந்து சொல்றான், அண்ணா, இதை மூடப்போறேன்னு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. பைத்தியமாடா உனக்கு, ஆண்டவர் முகத்தை அழிப்பியா, நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க, விசுவாசம் போச்சும்பாங்க, நம்ம குடும்பப் பேர் என்ன ஆகும்னு கத்தினேன். அவன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். அந்த அம்மாவுக்கும் பையனுக்கும் குறுக்க நிக்கிறேன் அண்ணா. ஆண்டவரும் அவங்களும் பார்த்துக்கட்டும். நான் நடுவுல நிக்க வேண்டாம்னு.

— மதர் ஒத்துக்கிட்டாங்களா?

— வரைஞ்ச கை உன்னோடது, மூடுற கையும் உன்னோடதுன்னு சொல்லிட்டு ஆப்பரேஷனுக்குப் போயிட்டாங்க. அவங்க அப்படித்தான். ஆனா நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், சிஸ்டர். அவன் சும்மா வெள்ளை அடிக்கல. ஆண்டவர் விரல்ல இருக்கிற சேத்துக்குன்னு குழைச்ச நிறம் மீதி இருந்துச்சு. அதுலதான் ஆரம்பிச்சான். ஒரு பலகையில பூசி, காய வச்சு, ஒவ்வொருத்தர் முகத்துக்குப் பின்னாலயும் பிடிச்சுப் பார்ப்பான். கருப்பு முகம், சிவந்த முகம், அம்மை போட்ட முகம். சமையக்காரம்மா, வாட்ச்மேன், வார்டுல படுத்திருக்கிற கிழடுங்க, யாரையும் விடல. கொஞ்சம் மஞ்சள் சேர்ப்பான், கொஞ்சம் கரி சேர்ப்பான், தூக்கிப் போட்டுட்டு மறுபடி குழைப்பான். அந்தப் பெரிய படத்துக்குக்கூட அவ்வளவு பாடுபடலன்னு மதர் சொல்வாங்க. எந்த முகத்தை முன்னால வச்சாலும் அந்த முகம் எழுந்து வரணும். அதுதான் வேணும் அவனுக்கு.

— சேத்து நிறத்துலயா... ஆண்டவரே.

— பார்த்தா ஒண்ணுமே தெரியலையே அண்ணா. ஆத்துமண் காஞ்ச மாதிரி ஏதோ ஒரு நிறம். நான் இதுவரைக்கும் அழுக்குன்னுல்ல நினைச்சேன்.

— அப்படியா? சிஸ்டர், நீங்க போய் அந்தச் சுவத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. சாரத்தை விட்டு இந்தப் பக்கம். ஆமா. முக்காட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க. நீ அந்தத் திரையைப் பாதி இழு.

— வேலை வாங்குறதுல மட்டும் குறைச்சல் இல்ல. இந்தா, இழுத்தாச்சு. இப்ப என்ன?

— இப்ப அவங்களைப் பாரு.

— பார்த்தேன். இதுல என்ன... அண்ணா!

— ம்.

— காலையில இருந்து இவங்களோடதானே பேசிக்கிட்டு இருக்கேன். இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கிற மாதிரி இருக்கு. சிஸ்டர், அசையாதீங்க. உங்க கன்னத்துல ஒரு சின்னத் தழும்பு இருக்கு. கண்ணு முழுக் கருப்பு இல்ல, ஓரத்துல தேன் மாதிரி. ராத்திரியெல்லாம் தூங்கலையா நீங்க? ஏன்மா, உங்களுக்கு ஏதாவது கவலையா?

— அம்மா... அப்படிக் கேக்காதீங்க. இதை என்கிட்ட யாரும் கேட்டதில்ல.

— இப்ப நீ போய் நில்லு. சிஸ்டர் பார்க்கட்டும்.

— என்னை எதுக்கு? என் மூஞ்சியைப் பார்த்து அவங்க பயந்துக்கவா?

— நில்லுன்னா நில்லு.

— நில்லுங்கம்மா. அப்படியே. ஐயோ... எவ்வளவு அழகா இருக்கீங்க! ஐயா, இவங்க சிரிக்கிறப்போ ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாச் சிரிக்குது. சுவர் எங்க போச்சுன்னே தெரியல. இவங்க மட்டும்தான் இருக்காங்க.

— சுருக்கம் இருக்கிறதை இவ்வளவு பக்தியாச் சொன்ன ஆளு நீங்கதான்.

— நான் தினமும் இந்தக் கூடத்தைத் தாண்டித்தான் ஜெபத்துக்குப் போறேன். வெறும் சுவர்னு நினைச்சேன். இப்பக் கட்டெல்லாம் புதுக் கட்டடத்துல பிரிக்கிறோம், ஐயா. அங்க எதிர்ல தண்ணி மெஷினும் டிவியும் இருக்கு. கண்ணு திறந்ததும் டிவியைத்தான் பார்க்கிறாங்க.

— நான் வந்ததே அதுக்குத்தான். படம் வெளிய வந்தா ஜனங்க வருவாங்க, வாயைப் பிளப்பாங்க, எங்க குடும்பப் பேரைச் சொல்வாங்க. எனக்கு அந்த ஆசை இல்லன்னு சொன்னா அது பொய். ஆனா என் தம்பி செஞ்ச பெரிய வேலை அடியில இல்ல, சிஸ்டர். மேல இருக்கு. அதுல கத்தி வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவ கையெழுத்து இவ இஷ்டம்.

— என்னைப் பார்க்காதீங்க சிஸ்டர். எனக்கு முகம் பார்க்கணும்னு ஆசை. இவ்வளவு காலமா ஆசை. இனிமேலும் இருக்கும்.

— புரியுதும்மா. நீங்க நிதானமா யோசிச்சு...

— யோசிச்சாச்சு. வெளிய தெரியுற அந்த விரலை மூடச் சொல்லுங்க. பாவம், அதுக்குக் குளிரும்.

— அம்மா!

— ஆனா ஒரு கண்டிஷன். அடுத்த கட்டு இங்க பிரிக்கணும். நான் ஒரு ஓரமா நின்னு பார்ப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

— அது மட்டும் உன்னால முடியாது.

— நீங்க ஒண்ணு!

— நாளைக்கே ஒரு தாத்தாவுக்குக் கட்டுப் பிரிக்கணும். பேத்தி கூடவே வந்திருக்கா. இங்கேயே வச்சுக்கலாம். தலைவிகிட்ட நான் பேசிக்கிறேன். சாரத்தை இன்னைக்கே இறக்கச் சொல்றேன். ஐயா, ஒண்ணு கேக்கலாமா? நூற்றாண்டு மலர்ல இதைப் பத்தி எழுதணும். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவருக்கு விசுவாசம் போயிடுச்சு, அழுதுக்கிட்டே அழிச்சார்னு...

— பொய். சீட்டியடிச்சுக்கிட்டே பூசினான். சுருதி சேராது அவனுக்கு. வார்டுல படுத்திருந்தவங்க நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டாங்க.

— இன்னொண்ணும் சொல்வாங்க. கேக்கவே சங்கடமா இருக்கு.

— கேளுங்க. அரைகுறையா விட்டா இன்னும் வளரும்.

— அண்ணன் கோவிச்சுக்கிட்டு, இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, அவர் மூடறதுக்கு முன்னாடியே ரயில் ஏறிப் போயிட்டார்னு...

— பொய், சிஸ்டர். முதல் பூச்சு அவன் பூசினது. ரெண்டாவது பூச்சு நான் பூசினது.