கும்பான் வீட்டுச் சேவலும் எங்க மாத்ரேவும்

இல்ல கப்பித்தான், பேட்டைத் தலைவரு நீங்களே சொன்னாலும் நான் உக்காரல. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு எழுந்து போற ஆளு வேணும்னா என் வீட்டுக்காரரக் கூப்பிட்டிருக்கணும். அவரு அதுக்குன்னே பொறந்தவரு. காலையில ரொட்டிய காப்பியில தோய்ச்சுக்கிட்டே சொல்றாரு, எதுக்கு வம்பு, கப்பித்தான் சொல்றபடி நாயக் குடுத்துட்டு வந்துரு, வேற குட்டி வாங்கிக்கலாம்னு. வேற புருஷனும் அப்படியே வாங்கிக்கலாமான்னு கேட்டேன். பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு.

வாசல்ல நிக்குதே, அது நாய் பிடிக்கிற வேன்தானே? நினைச்சேன். இன்னிக்கே கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்னுடணுமாமே, பக்கத்து வீட்டு மிஸ்டர் கும்பானோட ஆசை. அவரு கையில கட்டப் பாருங்க, யுத்தத்துலேர்ந்து வந்த மாதிரி. நான் எதையும் மறைக்க வரல. கேளுங்க, சொல்றேன்.

இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்காளாவா? எங்க மாத்ரேயா? போன மழைக்காலத்துல எங்க கேஸ் சிலிண்டரத் திருட வந்தான் ஒருத்தன். அவன் செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. அதக் கவ்விக்கிட்டு வாசல் கேட்டு வரைக்கும் பின்னாடியே போய்க் குடுத்துட்டு வந்தா. அவ்வளவு மரியாதை. மத்தபடி சேட்டை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஜீப்னி வண்டியில தானா ஏறி மார்க்கெட்டுக்குப் போவா. மீன்காரி மடியில உக்காந்து திரும்பி வருவா. கேட்டுல தொங்கவிட்ட ரொட்டிப்பையக் காலி பண்ணிட்டு, பையை மட்டும் அழகா வாசப்படியில வச்சிருப்பா.

பேரா? அதென்ன பேருன்னு எல்லாரும்தான் கேக்குறாங்க. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தச் சுத்தி வெள்ளை. என்னைப் படிக்க வச்ச கன்னியாஸ்திரீங்க அத்தனை பேரும் அப்படித்தான் இருந்தாங்க. அவங்கள மாத்ரேன்னுதான் கூப்பிடுவோம், அதான் இவளும் மாத்ரே. வீட்டை மந்திரிக்க சாமியார் வந்தப்ப ரெண்டு சிஸ்டருங்களும் கூட வந்திருந்தாங்க. மாத்ரே, சோபாவ விட்டு எறங்குன்னு ஒரு அதட்டல் போட்டேன். ரெண்டு பேரும் சட்டுன்னு எழுந்து நின்னுட்டாங்க. நாய் மட்டும் அசையல.

சிரிக்காதீங்க கப்பித்தான். விஷயத்துக்கு வரேன்.

எங்களுக்கும் கும்பான் வீட்டுக்கும் நடுவுல ஒரு செம்பருத்தி வேலிதான். அந்தப் பக்கம் அவரோட சண்டைச் சேவலுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் குட்டிக் கூடாரம், கால்ல கயிறு. ராஜ உபசாரம்! அவிச்ச முட்டை, சத்து மாத்திரை, உடம்பு பிடிச்சுவிட ஆளு, கேக்க ரேடியோ. அவரு சம்சாரம் ஈஸ்டருக்கு முன்னாடியிருந்தே இருமிட்டிருக்காங்க, அந்தம்மாவுக்குத் துளசித் தண்ணி. சேவல் ஒரு தும்மு தும்மினா டாக்டர் காரு வாசல்ல. இல்லையா கும்பான் சார்? சும்மா கேட்டேன்.

அதுல பெரிய சேவலு ஜெனரல். எங்க மாத்ரே வெயிலுக்கு ஒதுங்க அந்தக் கூடாரத்துக்குள்ள போய்ப் படுக்க ஆரம்பிச்சா. முதல் நாளு ஜெனரல் கொத்துனாரு. அவ நகரல. அப்புறம் அவரும் பக்கத்துல உக்காந்துட்டாரு. அப்புறம் அவ முதுகுல ஏறி நின்னு உண்ணி பொறுக்க ஆரம்பிச்சாரு. உங்களுக்குத் தெரியாதா என்ன? திருவிழாவுக்குப் பந்தல் போட வந்தப்ப நீங்கதானே வேலிப்பக்கம் நின்னு போட்டோ எடுத்தீங்க?

அதாவது, கும்பானுக்கும் தெரியும். தெரிஞ்சும் விட்டாரு. நாய் பக்கத்துல படுத்தா மரநாய் வராதுன்னு கணக்கு. காவலுக்குச் சம்பளமில்லாத ஆளு கிடைச்சா யாரு வேண்டாம்பாங்க? போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் என் நாய் நல்ல நாய்.

ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு இலோயிலோ ஊரே பேசுது. கால்ல கத்தி கட்டி ஜெனரலக் களத்துல விட்டிருக்காங்க. எதிர்ச் சேவல் கழுத்து மயிரச் சிலுப்பிக்கிட்டு நிக்குது. இவரு அதத் திரும்பிக்கூடப் பாக்கல. கம்பிக்கு அந்தப் பக்கம் எலும்புக்குக் காத்துக்கிட்டிருந்த ஏதோ தெருநாயப் பாத்துட்டு, குசலம் விசாரிக்கிற மாதிரி கொக்கரிச்சுக்கிட்டே நடந்து போயிருக்காரு. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுதாமே. நீங்களும்தான். உங்க மச்சான் சொன்னாரு.

அன்னிக்குச் சாயங்காலமே ஜெனரல் இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி ஆயிட்டாரு. எங்க வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்துச்சு, பெரிய மனசு பாருங்க! என் வீட்டுக்காரர் எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிட்டாரு. மிச்சத்த மாத்ரேக்கு ஊத்துனேன். தொடல. நண்பன அடையாளம் கண்டுக்கிட்டான்னு நான் கதை விட மாட்டேன். அவளுக்கு இஞ்சி பிடிக்காது, அவ்வளவுதான்.

ஆனா மறுநாள் காலையில அந்தக் காலிக் கூடாரத்துல போய்ப் படுத்துக்கிட்டு ஊளையிட்டாளே, அதுக்கு நான் என்ன காரணம் சொல்ல? கூப்பிட்டேன், வரல. ரொட்டியக் காட்டுனேன், திரும்பல. கும்பான் கம்பிச் சுருக்கோட வந்தாரு. அடிக்கல, அதட்டல. மாத்ரே கழுத்துல மாட்டி இழுத்தாரு. சேவல் மானத்தக் கெடுத்த நாயாம். மானம் யாருது, யாரு கெடுத்ததுன்னு நான் கேக்கல. கேட்டா, சேவல் மேல பணம் கட்டுற பாதிப் பேட்டையும் தலை குனியணும்.

காயம் பொய்யின்னு நான் எப்ப சொன்னேன்? நிஜம்தான். நல்ல ஆழமான காயம். வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டிருக்காராமே, இன்னும் பாக்கி வேற இருக்காம். ஐயோ பாவம். கும்பான் சார், ஊசி போட்ட நர்ஸ் பொண்ணு காயத்தப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கலையா? என்ன நாயி, எவ்வளவு பெரிசுன்னு? ஏன் சார் மேல ஃபேனையே பாக்குறீங்க? அது நல்லாத்தானே சுத்துது?

சாட்சியா? வேற யாரும் இல்ல. அவரு, நானு, மாத்ரே. அவ வந்து சொல்ல மாட்டா.

கப்பித்தான், போனக் கீழ வைங்க. வேன்காரர் கொஞ்சம் நிக்கட்டும், ஒண்ணும் முழுகிப் போயிடாது.

வேலியத் தாண்டி நான்தான் போனேன். இந்த வயசுல, பாவாடைய முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கிட்டு. கம்பி இறுகி அவ நாக்கு வெளிய வந்துருச்சு. என் விரலு ரெண்டு கையிலயும் கம்பிக்கு அடியில மாட்டிக்கிச்சு, எடுத்தா அவ செத்துருவா. மிஸ்டர் கும்பான், தயவு செஞ்சு கைய விடுங்கன்னு நல்ல இங்கிலீஷ்லதான் சொன்னேன், சிஸ்டருங்க சொல்லிக் குடுத்த மாதிரி. விடல. அவரு மணிக்கட்டு என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. எனக்கு மிச்சம் இருந்தது வாய்தான்.

ஆமா. நான்தான் கடிச்சேன்.

பொம்பள கடிச்சான்னு சொல்ல அவருக்கு வெக்கம். அந்த வெக்கத்துக்கு எத்தனை ஊசி வேணும்னாலும் குத்திக்கட்டும். எனக்கும் வெக்கம்தான், கோயில்ல பாடற வாயி இது. அதான் இவ்வளவு நேரம் சேவல் கதை சொல்லிட்டிருந்தேன், நீங்களே வேனத் திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு. அனுப்பல. எங்க ரெண்டு பேரு வெக்கத்துக்கும் சேத்து அவ சாகணுமா?

மிச்ச ஊசிய விட்டுடலாம் கும்பான் சார், எனக்கு வெறியெல்லாம் கிடையாது.

என்ன கப்பித்தான், நம்ப முடியலையா? கட்டப் பிரிக்க மாட்டேங்குறாரா? சரி, எதுக்குப் பிரிச்சுக்கிட்டு. இன்னொரு கைய நீட்டச் சொல்லுங்க.